பூக்கேட்ட நாள்

ஒருத்தரையும் நம்பாமலேயே அறுபது வயசைத் தாண்டி வந்துவிட்ட மனுசன் தம்பிதுரை. சோமனூரில் கூலிக்குத் தறி ஓட்டுகிறவன் நம்பி என்னத்தைக் கண்டான்? பாவு நூல் கொடுக்கிறவன் எடையில் அடிப்பான், துணி வாங்குகிறவன் அளவில் அடிப்பான். பூசாரி நீட்டுகிற திருநீறு ஒன்றைத்தான் அவர் திருப்பிப் பார்க்காமல் வாங்குவார்.

அப்பேர்ப்பட்ட மனுசனிடம்தான் போன வாரம் டாக்டர் லட்சுமிநாராயணன், "புது மருந்து ஒண்ணு ஆராய்ச்சியில இருக்குதுங்க. உங்க வீட்டம்மாவைச் சேத்துப் பாக்கலாம்" என்று சொன்னார்.

தெய்வாத்தாளுக்கு மார்பில் கட்டி வந்து, அறுத்தெடுத்து, தலைமுடி கொட்டி, மறுபடியும் முளைத்து, எல்லாம் தீர்ந்தது என்று மாகாளியம்மனுக்குப் பொங்கலும் வைத்தாகிவிட்டது. அப்புறம் ஒரு இருமல். மழைக்கால இருமல் என்று விட்டது கோடையிலும் நிற்கவில்லை. போய்ப் பார்த்தால், சனியன் நுரையீரலில் வந்து உட்கார்ந்திருக்கிறது.

பெருந்துறைத் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் மகன் மனோஜ்குமார், போனில் படித்துப் படித்துக் கண் சிவந்துபோய், சேர்த்தே ஆக வேண்டும் என்றான். தம்பிதுரை, "என்ற பொண்டாட்டி என்ன எலியா, ஊசி போட்டுப் பாக்கறதுக்கு?" என்றார். அப்பனும் மகனும் வாரம் முழுக்கக் கத்தினார்கள். தறிச் சத்தத்தையும் மீறி அடுத்த வீட்டுக்குக் கேட்டது. கத்திக் கத்தி இரண்டு பேருக்கும் சலித்துப்போய், கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள்.

அம்மனிடம் பூக்கேட்பது.

கல்யாணத்துக்கும் கிணறு வெட்டவும் கேட்கிறதுதான். வெள்ளை அரளி ஒரு பொட்டலம், செவ்வரளி ஒரு பொட்டலம். அம்மன் முன்னால் குலுக்கி, விவரம் தெரியாத ஒரு ஆளை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் செய். சிவப்பு வந்தால் விடு. வந்த வாக்கை மீறக்கூடாது.

திங்கட்கிழமை விடிந்ததும் மூன்று பேரும் கோயிலில் நின்றார்கள்.

தட்டில் வீட்டிலிருந்து கொண்டுவந்த இரண்டு பொட்டலங்கள் இருந்தன. பூவரச இலையில் மடித்துப் பாவு நூலால் இறுக்கிக் கட்டியிருந்தது. பூசாரி அரங்கசாமி தட்டைச் சுற்றிச் சுற்றிக் குலுக்கி அம்மன் காலடியில் வைத்தார். விளக்குக்கு எண்ணெய் ஊற்ற வந்த ஒரு பெண்ணைக் கூப்பிட்டார்.

"அம்மணி, இதுல ஒண்ணை எடு பாக்கலாம்."

"எதுக்குங்க?"

"அதைச் சொன்னா நீ எடுக்க லாயக்கில்ல. எடு."

அந்தப் பெண் எண்ணெய்க் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு ஒன்றை எடுத்தாள். அரங்கசாமி நூலை அறுத்தார்.

வெள்ளை.

"தாயி உத்தரவு குடுத்துட்டா! போங்க, தைரியமாப் போங்க."

மனோஜ்குமார் கண்ணை மூடிக்கொண்டான். தெய்வாத்தாள் தூணைப் பிடித்துக்கொண்டு இருமினாள். இருமி முடித்து அம்மனைக் கும்பிட்டாள். கும்பிடும்போது முகத்தை நிமிர்த்தவேயில்லை.

தம்பிதுரைக்குச் சிவப்பு வரும் என்றே மனதில் பட்டிருந்தது. வாக்குக் கொடுத்தாயிற்று, இனிப் பேச்சில்லை. ஆனால் ஆடிய காலும் பாடிய வாயும் சும்மா இருக்குமா? மிச்சப் பொட்டலத்தைக் கிணற்றில் போடுகிறேன் என்று சொல்லி எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அவர் சாமியை நம்பாமல் இல்லை. தட்டைத்தான் நம்பவில்லை.

மகன் ஓட்டி வந்த கார் ஓரமாக நின்று, கட்டு நூலை உருவிப் பையில் போட்டுக்கொண்டு, இலையைப் பிரித்தார்.

அதுவும் வெள்ளை.

*

அவிநாசி ரோட்டில் ஆஸ்பத்திரியைப் பார்த்துக் கார் ஓடியது. தெய்வாத்தாள் பின்சீட்டில் தலையைச் சாய்த்துக் கிடந்தாள். மேம்பாலத்துத் தூண்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. வண்டி பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் அவளுக்கு இருமல் வந்தது.

ஆஸ்பத்திரியில் எடை பார்க்க அவளைக் கூட்டிப் போனார்கள். தம்பிதுரை மகனைக் குடிதண்ணீர் வைத்திருந்த மூலைக்குத் தள்ளிக்கொண்டு போனார். கையை விரித்துக் காட்டினார். இலையும் வாடிய பூவும்.

"என்னடா இது?"

"பூவுங்க."

"என்ன நெறம்?"

மனோஜ்குமார் பார்த்தான். ஒரு கணம் கழித்துத்தான் அவனுக்குப் புரிந்தது. "இது... அந்த இன்னொண்ணுங்களா?"

"அம்மங்கிட்டயே கை வெச்சுப்போட்டயேடா. நீயெல்லாம் உருப்படுவயா?"

"அப்பா, நானில்லீங்க. பூ வாங்கியாந்து அடுப்படி மேடையில வெச்சதோட சரி. சத்தியமா எனக்குத் தெரியாது."

"உனக்குச் சத்தியம் சக்கரைப் பொங்கலு."

"அப்ப பூசாரிதான் ஏதாச்சும்..."

"அரங்கசாமிக்கு இதுல என்னடா லாபம்?"

"உங்களுக்கு எதுலயும் யாருக்கு லாபம்னே பாக்கோணும்" என்றான் மனோஜ்குமார். வாரம் பூராவும் ஷிப்ட் முடித்து வந்து கத்தியவன்; அவனுக்கும் தெம்பில்லை. "அம்மா இருமறது உங்க காதுல விழுகுதுங்களா இல்லீங்களா?"

"விழுகுதுடா. அதனாலதான் கண்டவன் கையில குடுக்க மாட்டேங்கறேன்."

"கண்டவன் இல்லீங்கப்பா, டாக்டரு."

"எவனா இருந்தா என்ன? திருட்டு வாக்குக்கு நான் கட்டுப்பட மாட்டேன். கையெழுத்துப் போட மாட்டேன், சொல்லிப்போட்டேன்."

அவர் கையெழுத்து இல்லாமல் அந்த வீட்டில் ஒரு காரியமும் நடந்ததில்லை. அந்தத் தைரியத்தில் சொன்னார்.

*

ஆராய்ச்சிப் பிரிவு மாடியில் இருந்தது. லிஃப்ட்டுக்குக் கூட்டம் காத்துக் கிடந்தது. தலையில் துணி கட்டிய பெண்கள், மூக்கில் குழாய் சொருகிய ஒரு பெரியவர், கையில் ஸ்கேன் உறைகள். யாரும் யாரையும் முந்தவில்லை. முந்திப் போய் என்ன ஆகப்போகிறது என்கிற மாதிரி நின்றார்கள்.

ஜாஹிதா என்கிற பெண் அவர்களை உட்கார வைத்தாள். ஆராய்ச்சியில் சேருகிறவர்களுக்கு விளக்கிச் சொல்லி, கடைசி வரைக்கும் கூட நிற்பது அவள் வேலை.

"அம்மா, டீ குடிச்சீங்களா? மொதல்ல குடிங்க. நான் பேச ஆரம்பிச்சா நேரமாயிரும்."

தெய்வாத்தாள் சிரித்தாள். தம்பிதுரை சிரிக்கவில்லை.

"ஏனுங்க அம்மணி, நேராவே கேக்கறேன். இந்த மருந்துல செத்துப்போனா யாரு பதில் சொல்லுவா?"

"அப்பா!" என்றான் மனோஜ்குமார்.

"கேக்கட்டுங்க" என்றாள் ஜாஹிதா. "இந்த மருந்துனால ஏதாவது ஆனா வைத்தியம் பாக்கறதும் நட்டஈடு குடுக்கறதும் மருந்துக் கம்பெனியோட பொறுப்புங்க. எழுத்துல இருக்குது, படிச்சுக் காட்டறேன். ஆனா ஒண்ணும் ஆகாதுன்னு நான் சொல்ல மாட்டேன். சில பேருக்கு நுரையீரல் வீங்கியிருக்குது. வாந்தி வரும், ரத்தத்துல அணு குறையும். இது வரைக்கும் போட்டவங்கள்ல நிறையப் பேருக்குக் கட்டி சுருங்கியிருக்குது. எல்லாருக்கும் இல்லீங்க."

ஒன்றும் ஆகாது என்று சொல்லாத ஒரு ஆளை ஆஸ்பத்திரியில் தம்பிதுரை அன்றைக்குத்தான் பார்த்தார்.

"அப்படி என்ன மருந்து அது?"

"இப்பப் போடற மருந்து ஒடம்பு பூராவும் போய் நல்லதையும் கெட்டதையும் சேத்து அடிக்குது. அதனாலதான முடி கொட்டுது, வாய் புண்ணாகுது. இந்தப் புதுசு, கெட்ட செல்லு மேல இருக்கற அடையாளத்தைப் பாத்துப் போய் ஒட்டிக்கிட்டு, அதுக்குள்ள போய்த்தான் விஷத்தை எறக்கும். அப்படித்தான் செஞ்சிருக்காங்க. பழசை விட இது நல்லதான்னு பாக்கத்தான் இந்த ஆராய்ச்சி. அதனால பாதிப் பேருக்குப் புது மருந்து, பாதிப் பேருக்கு இப்ப எல்லாருக்கும் குடுக்கற அதே மருந்து."

"இவளுக்கு எது?"

"தெரியாதுங்க."

"டாக்டருக்கு?"

"அவருக்கும் தெரியாது. இன்னிக்கு ரத்தம் குடுத்துட்டுப் போங்க. எல்லாம் சரியா இருந்தா கம்ப்யூட்டர்ல பதிவோம். அது சொல்லும், எந்தக் குழுன்னு."

தம்பிதுரை நாற்காலியில் முன்னால் நகர்ந்தார். "இதைச் சொல்றதுக்கு நீங்க இத்தன படிப்புப் படிச்சீங்களா? அப்ப நீங்களும் பூத்தானே கேக்கறீங்க!"

ஜாஹிதாவுக்குப் புரியவில்லை. மனோஜ்குமார் தலையில் கை வைத்துக்கொண்டு விளக்கினான். கேட்டுவிட்டு அவள் சிரித்தாள்.

"கிட்டத்தட்ட அதேதானுங்க. ஒரே வித்தியாசம், பொட்டலத்தை நாங்க கட்டலீங்க."

தெய்வாத்தாள் டீக் கிளாசுக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எதுக்கு அப்படி?" என்று விடாமல் கேட்டார் தம்பிதுரை. "டாக்டரே பாத்துக் குடுத்தா என்ன?"

"டாக்டர் குடுத்தா என்ன பண்ணுவாரு? தெம்பா இருக்கறவங்களுக்குப் புது மருந்தைக் குடுத்துருவாரு. தெரிஞ்சவங்களுக்குக் குடுத்துருவாரு. கெட்ட எண்ணத்துல இல்லீங்க, மனுசன்தானே? அப்புறம் கட்டி சுருங்குனா மருந்துனால சுருங்குச்சா, ஆளு தெம்பா இருந்ததுனால சுருங்குச்சான்னு யாருக்குத் தெரியும்? அதனால எங்க யாரையுமே நம்பறதில்லீங்க. டாக்டரை நம்பறதில்ல, மருந்துக் கம்பெனியை நம்பறதில்ல, என்னையும் நம்பறதில்ல. எல்லாத்துக்கும் மேல ஒரு குழு இருந்து பாத்துட்டே இருக்கும்."

ஒருத்தரையும் நம்பாமல் ஒரு காரியம் நடக்கிறது என்று கேட்கத் தம்பிதுரைக்கு, வேண்டாத இடத்தில் சொந்தக்காரனைப் பார்த்த மாதிரி இருந்தது. சட்டைப்பையில் கை போயிற்று. அவர் இந்தச் சிந்தனையில் இருக்கும்போதே, ஜாஹிதா காகிதங்களைத் தெய்வாத்தாள் பக்கம் தள்ளினாள்.

"நானு எங்க கையெழுத்துப் போடோணும்? அதைச் சொல்லுங்க" என்றார் தம்பிதுரை, போட மாட்டேன் என்று சொல்வதற்குத் தோதாக.

"உங்க கையெழுத்து இதுல தேவையில்லீங்கப்பா. அம்மாவுக்குப் படிக்கத் தெரியுமல்லோ? அவங்களே போட்டாப் போதும்."

"நான் ஊட்டுக்காரனுங்க."

"தெரியுதுங்க. ஒடம்பு அவங்களுதுங்களே."

மனோஜ்குமார் சன்னலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

*

கையெழுத்துக்கு முன்னால் வீடியோ எடுக்க வேண்டும் என்றாள் ஜாஹிதா. விளக்கியது புரிந்ததா, விருப்பப்பட்டுத்தான் சேருகிறாரா என்று நோயாளி தன் வாயால் சொல்ல வேண்டும். சின்னக் கேமரா ஒன்றை முக்காலியில் நிறுத்தினாள்.

"அம்மா, உங்க பேரு?"

"தெய்வாத்தாளுங்க" என்றார் தம்பிதுரை.

ஜாஹிதா நிறுத்தினாள். "அப்பா, அம்மாதான் சொல்லோணும்."

மறுபடி.

"தெய்வாத்தா" என்றாள் அவள்.

"எதுக்காக இங்க வந்திருக்கீங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"இந்த நுரையீரல்ல..." என்று தம்பிதுரை வாயைத் திறந்துவிட்டார். அவர் என்ன செய்வார்? ரேஷன் கடையிலிருந்து சம்பந்தி வீடு வரைக்கும் அவளைக் கேட்ட கேள்விக்கெல்லாம் அவர்தான் பதில் சொல்லி வந்திருக்கிறார்.

"அப்பா, சித்தெ வெளியில உக்காந்துக்கறீங்களா?"

"வேண்டாமுங்க" என்றாள் தெய்வாத்தாள். "இருக்கட்டும். வாயை மூடிட்டு இருப்பாரு."

மனோஜ்குமார் அம்மாவை அப்படிப் பார்த்தான், புதுசாக யாரோ வந்து உட்கார்ந்த மாதிரி. தம்பிதுரையின் வாய் தானாகவே மூடிக்கொண்டது.

கேமராவில் சிவப்பு விளக்கு மறுபடி எரிந்தது. ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டாள் ஜாஹிதா. தெய்வாத்தாள் மெதுவாக, இருமலுக்கு இடம் விட்டு விட்டுப் பதில் சொன்னாள். புது மருந்தும் வரலாம், பழைய மருந்தும் வரலாம் என்று தெரியும். வேண்டாம் என்றால் எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்று தெரியும்.

"இதுல சேரச் சொல்லி யாராவது உங்களைக் கட்டாயப்படுத்தினாங்களா?"

தெய்வாத்தாள் கேமராவை நேராகப் பார்த்தாள்.

"இல்லீங்க. கட்டாயம் பண்றதுக்கு மொதல்ல கேக்கோணுமில்லீங்க? என்னை ஒருத்தரும் கேக்கலீங்க. இவரு வேண்டாம்னாரு. பையன் வேணும்னான். ரெண்டு பேரும் சோறு திங்காமச் சண்டை கட்டுனாங்க. கடைசியில அம்மனைக் கேக்கலாம்னாங்க. எனக்குப் பகீர்னு ஆயிப்போச்சு. அம்மன் வேண்டாம்னு சொல்லிப்போட்டா அப்புறம் நான் யாருகிட்டங்க போவேன்? எனக்கு இருக்கோணுங்க. இன்னும் கொஞ்ச நாளு இருக்கோணும். அதனால ரெண்டு பொட்டலத்துலயும் வெள்ளையவே வெச்சுக் கட்டிப்போட்டேனுங்க."

சொல்லி முடித்து, கேமராவின் சிவப்பு விளக்கைப் பார்த்தாள்.

"இது வீடியோவுல வந்துருச்சுங்களா?"

"வந்துருச்சுங்கம்மா" என்றாள் ஜாஹிதா. "வேண்டாம்னா மறுபடியும் மொதல்ல இருந்து எடுத்துக்கலாம்."

"இருக்கட்டுங்க. நெசந்தானே?"

பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். ஒவ்வொரு எழுத்தாக, பள்ளிக்கூடத்தில் போட்ட மாதிரியே போட்டாள்.

*

ரத்தம் கொடுத்துவிட்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். தம்பிதுரை இரண்டு பேருக்கு இடம் விட்டுத் தள்ளி உட்கார்ந்தார். அவருக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தேடிப் பார்த்தார், ஆள் கிடைக்கவில்லை.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமல்லோ?"

"சொல்லியிருந்தா கேட்டிருப்பீங்களா?"

கேட்டிருக்க மாட்டார். அது அவருக்கே தெரியும்.

"பையனைத் திட்டிப்போட்டேன்" என்றார்.

"தெரியும். அவன் மூஞ்சியப் பாத்தேன்." பஞ்சை அமுக்கியிருந்த கையை மடித்துக்கொண்டாள். "எல்லாத்தையும் திருப்பித் திருப்பிப் பாப்பீங்க. அந்தப் பொட்டலத்து முடிச்சை மட்டும் பாக்கலையே நீங்க."

அவர் பையிலிருந்து நூலை எடுத்துப் பார்த்தார். அறுந்த இழையைச் சேர்க்கிற முடிச்சு. கல்யாணமாகி வந்ததிலிருந்து அவர் தறியில் அறுந்ததெல்லாம் அந்தக் கை சேர்த்ததுதான். இந்த முடிச்சு எங்கே கிடந்தாலும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"சாமிக் குத்தம் ஆயிராதா?" என்றார், சண்டைக்கு இல்லாமல்.

"ஆனா ஆகட்டும். அவளும் பொம்பளதான், தெரிஞ்சுக்குவா."

ஜாஹிதா வந்து போன் நம்பர் கேட்டாள். மத்தியானம் ரத்த முடிவு வந்துவிடும், பதிந்தவுடன் கூப்பிட்டுச் சொல்கிறேன் என்றாள். தம்பிதுரை தன் நம்பரைச் சொல்லத் தொண்டையைச் செருமினார். அதற்குள் தெய்வாத்தாள் தன்னுடையதைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

*

நீலாம்பூர் தாண்டி ஒரு பேக்கரியில் காரை நிறுத்தினான் மனோஜ்குமார். காலையிலிருந்து யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. தெய்வாத்தாள் தேங்காய் பன்னைப் பிய்த்து டீயில் நனைத்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

பழக்கதோஷத்தில் தம்பிதுரை கையை நீட்டினார். அவள் பன்னைக் கீழே வைத்துவிட்டுத் தானே எடுத்தாள்.

"சொல்லுங்க அம்மணி... ஆமாங்க... சரிங்க... இல்லீங்க, ஒண்ணுமில்ல, கேட்டுட்டுத்தான் இருக்கறேன்... சரிங்க. வெச்சர்றேன்."

இரண்டு பேரும் அவள் வாயைப் பார்த்தார்கள்.

"பழைய மருந்துதானாமா" என்றாள்.

மனோஜ்குமார் மேசையைக் கையால் அறைந்தான். டீ சிந்தியது. "பேரை எடுத்துரலாம்மா. இதுக்கு எதுக்கு அங்க போகோணும்? இதைத்தான் எங்க போனாலும் போடுவாங்களே!"

"அந்தப் புள்ள மொதல்லயே சொல்லிருச்சு, கண்ணு. ரெண்டுல ஒண்ணுன்னு. பழசும் மருந்துதானே? ஸ்கேனு, ரத்தம், எல்லாம் ஒழுங்காப் பாப்பாங்களாமா." மறுபடி பன்னை எடுத்தாள். வாய்க்குக் கொண்டுபோகவில்லை.

மனோஜ்குமார் எழுந்து போனைக் காதில் வைத்துக்கொண்டு கார்ப் பக்கம் போனான்.

மேசையில் சிந்திய டீயைத் தம்பிதுரை துடைத்தார். புது விஷத்தை இவள் உடம்பில் இறக்கிவிடுவார்கள் என்றுதானே இத்தனை நாள் கத்தினார்? இறக்கப் போவதில்லை. நிம்மதியாக இருக்க வேண்டும். ஆனால் இல்லை. வேண்டாம் வேண்டாம் என்று நின்றவருக்கு, கிடைக்காது என்றதும்தான் அது என்னவென்றே தெரிந்தது.

"கை கழுவிட்டு வாரேன்" என்று எழுந்தார்.

பேக்கரிக்குப் பின்னால் காலித் தட்டுகள் அடுக்கியிருந்த இடத்தில் நின்றுகொண்டு, ஆஸ்பத்திரியில் கொடுத்த காகிதத்தில் இருந்த ஜாஹிதாவின் நம்பரைத் தேடி அழுத்தினார்.

"ஏனுங்க அம்மணி, தெய்வாத்தா ஊட்டுக்காரன் பேசறனுங்க. அந்தக் கம்ப்யூட்டர்ல... இன்னொருக்காப் போட்டுப் பாக்க முடியாதுங்களா?"

சிபாரிசு என்றால் காறித் துப்புகிற மனுசன். இப்போது தான் கேட்பதும் அதேதான் என்று அவர் குரலே அவருக்குச் சொன்னது.

"முடியாதுங்கப்பா."

"யாருகிட்டயாச்சும் சொல்லி? பெரிய டாக்டருகிட்ட?"

"யாருக்கும் முடியாதுங்க. டாக்டரோட அம்மாவா இருந்தாலும் இதேதான்." கொஞ்சம் நிறுத்தினாள். "உங்க மகன் இப்பத்தானுங்க கூப்பிட்டாரு. அவரும் இதையேதான் கேட்டாரு. முடியாதுன்னதும், பெருந்துறையில ஒருத்தர் அந்த மருந்தை வெளியில வாங்கித் தர்றாராம், கொண்டுவந்தா போட்டுவிடுவீங்களான்னு கேட்டாருங்க. அப்பா, அது இன்னும் விக்கறதுக்கே வரல. குப்பி மேல பேரு ஒட்டியிருந்தா உள்ள இருக்கறது அதுன்னு ஆயிருமா? நான் சொன்னேன். அவரு வெச்சுட்டாரு."

தம்பிதுரை எட்டிப் பார்த்தார். காருக்குப் பக்கத்தில் மனோஜ்குமார் இன்னும் பேசிக்கொண்டிருந்தான். ஒரு கையால் நெற்றியைத் தேய்த்துத் தேய்த்து, யாருக்கோ தலையை ஆட்டிக்கொண்டிருந்தான்.

*

சோமனூருக்குள் நுழையும்போதே தறிச் சத்தம் வந்து சேர்ந்தது. வீட்டு வாசலில் கார் நின்றது. தெய்வாத்தாள் கதவைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள்.

"நீங்க எறங்குங்கப்பா" என்றான் மனோஜ்குமார். வண்டியை நிறுத்தவில்லை. "எனக்குப் பெருந்துறை வரைக்கும் ஒரு வேலை. போயிட்டு வந்தர்றேன்."

"நானும் வாரேன்."

"உங்களுக்கு அங்க என்னுங்க வேலை?"

"உனக்கு என்ன வேலையோ அதேதான்."

மனோஜ்குமார் அப்பனைப் பார்க்கவில்லை. "அந்த ஆளு நல்லவருங்கப்பா. எங்க கம்பெனிக்கு வந்து போறவரு. நாலு பேருக்கு வாங்கிக் குடுத்திருக்காராம்."

"அந்த நாலு பேரும் எப்படி இருக்காங்கன்னு கேட்டயா?"

மனோஜ்குமார் முன்கண்ணாடியைக் கையால் துடைத்தான்.

"நானு கேக்கறேன். அதுக்குத்தான் வாரேன்."

"வேண்டாமுங்க. நீங்க வந்தா சண்டை போட்டுக் கெடுத்துருவீங்க. அம்மாவை இப்படியே விட்டுப்போட்டு என்னால உக்காந்திருக்க முடியாதுங்கப்பா."

"என்னை விட்டுப்போட்டு எங்க போறீங்க ரெண்டு பேரும்?"

கேட்ட தெய்வாத்தாள் வாசற்படியில் ஒரு கால் வைத்தபடி நின்றிருந்தாள். மகன் ஸ்டியரிங்கைப் பார்த்தான். புருசன்தான் சொன்னார், அவருக்கு மறைத்துப் பேசத் தெரியாது.

"இவன் உனக்கு அந்தப் புது மருந்தை வெளியில வாங்கப் போறான். எவனோ ஒருத்தன் குடுக்கறானாமா."

அவள் இரண்டு பேரையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். முந்தானையை வாயில் வைத்து இருமி முடித்தாள். அப்புறம் படியிலிருந்து காலை எடுத்து, சுற்றி வந்து, பின்கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தாள்.

"அம்மா, நீ எதுக்கு? போய்ப் படு."

"படுக்கோணும்னுதான் இருக்குது. ஆனா எனக்குப் போடற மருந்தாச்சே? அந்த ஆளை நான் பாக்கோணும்." கதவை இழுத்துச் சாத்தினாள். "வண்டியை எடு, கண்ணு. வெயில் தாழறதுக்குள்ள போயிட்டு வந்தரலாம். எனக்கு முடியல."